காலண்டரில் நம் ஊர்

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவருவது வழக்கம். சில நாளில் ஏஜெண்டு ஆல்பத்தோடு கடை வாசலில் நிற்பார். நாமும் வியாபார மும்முரத்தில் நாலு பக்கம் புரட்டி, பனிமலை, அருவி என்று ஏதோ ஒரு படத்தைக் காட்டி, கடைப் பெயரைப் போடச் சொல்லி அட்வான்சும் கொடுத்து விடுகிறோம்.

அதே ஆல்பம் அடுத்த கடைக்கும் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மளிகைக் கடைக்கும் அதே வீதியிலுள்ள பாத்திரக் கடைக்கும் ஒரே பனிமலை வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தொங்கியது யாருடையது என்று கிட்டே போய்ப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆண்டு முழுவதும் நம் பெயர் சொல்வதற்காகச் செலவழித்த பணம் அது!

நாமே எடுத்த படத்தைப் பின்னணியாகப் போட்டால் என்ன? நெல்லை வணிகருக்குத் தாமிரபரணி நடுவே குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது. திண்டுக்கல்லாருக்கு மலைக்கோட்டை, கும்பகோணத்தாருக்கு மகாமகக் குளம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகூட இந்தக் காலண்டரைக் கேட்டு வாங்கிப் போவான். சாமி படம் கேட்பவருக்குச் சாமி படமே கொடுப்போம். அதில் கைவைக்கச் சொல்லவில்லை.

செல்போனே போதும். காலை வெயிலில் எடுங்கள். மேலே வானம் தாராளமாக இருக்கட்டும். கடைப் பெயர் அங்கேதான் நிற்க வேண்டும். இலையும் கிளையுமாக அடைத்த படத்தில் எழுத்து தொலைந்து போகும். 3000க்கு 4000 புள்ளி உள்ள படம் 10க்கு 13 அங்குலம் வரை தெளிவாக அச்சாகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இணையத்தில் கிடைப்பதை எடுத்துப் போடலாமே என்பார் சிலர். அது பிறர் சொத்து. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படம் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஸ்டூடியோக்காரருக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நமக்கே. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

செலவு கூடும் என்பது உண்மைதான். 300 காலண்டர் அடிக்கும் சிறு கடைக்குத் தனிப்படம் கட்டுப்படியாகாது. ஆனால் தினசரித் தாள் கட்டு எல்லோருக்கும் ஒன்றே. மாறுவது அட்டைப்படம் மட்டும். நாலைந்து கடைக்காரர்கள் ஒரே அளவில் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால், வெவ்வேறு படங்களை ஒரே தாளில் சேர்த்து அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊர் பச்சையாக இருக்கும்போதே எடுத்து வைத்தால், அடுத்த ஆடியில் ஏஜெண்டு வரும்போது நம் கையிலும் ஓர் ஆல்பம் இருக்கும்.