மூன்றாம் நாள் தோற்பது ஏன்?

1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிவந்த நாளிலிருந்து நெய்வேலி ஒரு ஷிப்டு ஊர். ஷிப்டு முடிந்து வெளியே வருகிற தொழிலாளிகளில் சிலர் முதலில் வண்டிச் சாவியைத் தேடுவதில்லை. தீப்பெட்டியைத் தேடுகிறார்கள்!

நிலக்கரி சுலபமாகத் தீப்பிடிக்கும் சரக்கு. அதன் அருகே பீடி பற்ற வைப்பது ஆபத்து. 8 மணி நேரம் அடக்கிக்கொண்டு வேலை பார்த்தவர் வெளியே வந்து ஒரு இழுப்பு இழுக்கிறார். "அப்பாடா! இப்பத்தான் உசிரே வந்துச்சு" என்கிறார்.

உசிர் எங்கேயும் போகவில்லை. ரத்தத்தில் குறைந்து போனது நிகோடின்!

கள்ளச் சாவி

புகையிலையில் உள்ள பொருள் நிகோடின். புகையை இழுத்தால் 10 முதல் 20 வினாடிக்குள் அது மூளைக்குப் போய்விடுகிறது. மூளை நரம்புகளில் பூட்டு மாதிரி சில இடங்கள் உண்டு. அவற்றைத் திறக்க உடம்பே ஒரு சாவி வைத்திருக்கிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். நிகோடின் ஒரு கள்ளச் சாவி. அதே பூட்டை அதுவும் திறக்கிறது. உடனே டோபமின் சுரக்கிறது. "இது நல்லா இருக்கு, திரும்பச் செய்" என்று மூளைக்குப் பாடம் சொல்லுவது இந்த டோபமின்தான்.

தினமும் கள்ளச் சாவி போட்டால் மூளை சும்மா இருக்குமா? பூட்டுகளை அதிகமாக்கி விடுகிறது! ரத்தத்தில் உள்ள நிகோடினோ சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகி விடும். 8 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். பூட்டுகள் சாவி கேட்கின்றன. எரிச்சல், படபடப்பு, வேலையில் கவனமின்மை எல்லாம் வருகின்றன. அடுத்த பீடி அதை அடக்குகிறது. "பீடி டென்ஷனைக் குறைக்குது" என்கிறார்களே, அந்த டென்ஷனைக் கொண்டு வந்ததே முந்தின பீடிதான்!

புகைக்க முடியாத இடத்தில் புகையிலையை வாயில் அடக்குகிறவர்களும் உண்டு. கன்னத்தின் வழியாகவும் நிகோடின் மூளைக்கே போகிறது. வாய்ப் புற்றுநோய் அபாயம் வேறு!

திட்டாதீர்!

"ஒண்ணாந்தேதியிலிருந்து விட்டாச்சு" என்று சபதம் போடுகிறார் ஒருவர். 2-ம், 3-ம் நாளில்தான் தவிப்பு உச்சத்துக்குப் போகும். "உங்களுக்கு மனசுல உறுதியே இல்லே" என்று வீட்டில் இடிக்கிறார்கள். "ஒண்ணே ஒண்ணு இழு மாப்ளே" என்று டீக்கடையில் நண்பர் நீட்டுகிறார். சபதம் காற்றில் போகிறது.

இது வெறும் மன உறுதிப் பிரச்சினை அல்ல. மூளையில் ஏற்பட்ட மாற்றம். ஆனால் மாறாத மாற்றம் அல்ல. தவிப்பு பெரும்பாலும் 3, 4 வாரத்தில் தணியும். கூடிப்போன பூட்டுகளும் சில மாதங்களில் பழைய அளவுக்கு வந்துவிடும். தாங்க முடியாதவர்களுக்கு நிகோடின் சூயிங்கம், மாத்திரைகள் உண்டு. டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச போன் 1800-11-2356. கூப்பிட்டால் யோசனை சொல்வார்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரஷர் பார்க்கும்போதே "நாளைக்கு எத்தனை பீடி?" என்றும் கேட்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. 2003-ம் ஆண்டுச் சட்டம் இது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டிய காரியம்தான். வளரும் மூளையை நிகோடின் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். "அப்பாவுக்கு" என்று கேட்டு வரும் பையனை வெறுங்கையோடு திருப்பி அனுப்புங்கள்!

விட நினைப்பவர் நோயிலிருந்து மீள்கிறவர். மூன்றாம் நாளைத் தாண்ட வீட்டார் கை கொடுக்கட்டும். டீக்கடை நண்பர் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளட்டும்!