மலைக்குப் போகுமுன் தேயிலையைக் கேளுங்கள்



பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கடை வைத்திருக்கும் குடும்பத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய நானா சுவிட்சர்லாந்தில் தொழில் செய்கிறார். வெண்பனி மூடிய மலையில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் படங்களை அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "உம்மா, எங்களையும் குளிர் ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க." கணவரும் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போவோம் என்கிறார். மாமியும் மச்சிமாரும் சேர்ந்து வருவார்கள். வேன் வாடகைக்கும் அறைக்கும் மனைவியின் வளையலை அடகு வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. "மௌலவி, இப்படிப் போவது சரியா? எப்போது, எங்கே போவது நல்லது?" என்று சகோதரி கேட்கிறார்.

முதலில், ஊர் பார்க்கப் போவதே வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையார் முந்திவிட்டார்கள். காலம் சென்று, அன்னையாரின் உடல் சற்றுப் பருத்த பின் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் முந்தி, பழைய கணக்கு இதோடு சரியாயிற்று என்ற பொருளில் சிரித்துச் சொன்னார்கள். பயணத்தில் மனைவியும் விளையாட்டில் பங்காளி என்பதை இந்தச் சம்பவத்திலிருந்து நாம் படிக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளைகள் விளையாட, ஆண்கள் காற்று வாங்க, உம்மா மட்டும் ஊர் விட்டு ஊர் வந்து சட்டி கழுவுகிறாள். இதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

பனிமலையும் நம் மலையும்

சுவிட்சர்லாந்தில் சென் மொரிட்ஸ் என்றொரு பெயர்பெற்ற மலையூர் உண்டு. அதன் உயரம் ஏறத்தாழ 1,820 மீற்றர். நம் நுவரெலியாவோ 1,868 மீற்றர். ஆம், நம்முடையதுதான் உயரம்! நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே வெண்பனி பொழிவதில்லை. அந்த ஊரில் முன்பு கனிம ஊற்று நீரில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளக் கோடையில்தான் ஆட்கள் போனார்கள். 1864ஆம் ஆண்டில் ஹோட்டல்காரர் ஒருவர், "குளிர்காலத்திலும் இங்கே நல்ல வெயில் அடிக்கும், வந்து பாருங்கள்" என்று ஆங்கில விருந்தினரை அழைத்தாராம். அதிலிருந்து குளிர்கால விடுமுறை அங்கே வழக்கமாயிற்று என்று சொல்வார்கள். சூரியனையே அந்த ஊர் தன் சின்னமாக வைத்திருக்கிறது.

அதே காலத்து ஆங்கிலேயர் இலங்கையிலும் மலையேறினார்கள். மலேரியாக் காய்ச்சலில் மெலிந்த சாமுவேல் பேக்கர் உடல் தேற நுவரெலியா வந்தார். அந்தக் குளிர் பிடித்துப்போய், 1840களின் கடைசியிலிருந்து 1855 வரை அங்கேயே குடியிருந்தார்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம். குளிர் மட்டும் இருந்தால் விடுமுறை இனிக்காது. குளிரோடு வெயிலும் வேண்டும். மூன்று நாளும் மழையில் அறைக்குள் அடைந்து கிடந்தால் பிள்ளைகளுக்குச் சளியும் பெரியவர்களுக்குச் சண்டையும்தான் மிஞ்சும்.

எப்போது போவது?

மழையின் கணக்கு, தோட்டத்தில் வாழும் உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இரத்தினபுரி, கேகாலை, ஹட்டன் பக்கங்களில் மோதி மழையைக் கொட்டுகிறது. மலை முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது ஈரம் காய்ந்த காற்றாகிவிடுகிறது. நாம் கச்சான் என்று சொல்லும் அந்தக் காற்றில்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலை வாசம் பிடிக்கிறது. வருட இறுதியில் வடகிழக்குக் காற்று ஊவாவுக்கு மழையைக் கொண்டுபோகிறது. அது ஓய்ந்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை நுவரெலியா, திம்புள்ளைப் பக்கம் பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக இருக்கும். அந்தப் பக்கத்துத் தேயிலைக்கு அதுதான் நல்ல காலம்.

ஆகவே சகோதரியே, எந்தப் பக்கத் தேயிலை எந்த மாதத்தில் ருசிக்கிறதோ, அந்த மாதத்தில் அந்தப் பக்கம் போங்கள்.

ஆகஸ்ட் விடுமுறையில் உங்கள் தோட்டத்தில் மழை விடாமல் பெய்து, துணி காயாமல் கிடக்கும். அப்போது பெலிஹுல் ஓயா, ஹல்துமுல்லை, பெரகலை வழியாக ஹப்புத்தளைக்கு ஏறிப் பண்டாரவளைக்குப் போனால், பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும். பண்டாரவளை சுமார் 1,200 மீற்றர் உயரம். அதன் குளிர் சிறு பிள்ளைக்கும் மூட்டு வலிக்காரருக்கும் நுவரெலியாவைப் போலக் கடுமையாக இராது. வழியில் கலுபஹனையிலிருந்து ஒதுங்கிப் போனால் பம்பரகந்தை நீர்வீழ்ச்சி இருக்கிறது. 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அதுவே நாட்டின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி.

பிள்ளைகளுக்குப் 'பனி' காட்டத்தான் வேண்டுமென்றால், ஜனவரி அல்லது பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவொன்றை நுவரெலியாவில் கழியுங்கள். அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு போனால்தான் பார்க்கலாம். வெயில் ஏறினால் கரைந்துவிடும். கேகாலைப் பக்கத்தார் கண்டி, கம்பளை, றம்பொடை வழியாகவோ, யட்டியாந்தோட்டை, கித்துல்கலை, ஹட்டன் வழியாகவோ போகலாம்.

ஏப்ரல் சீசனில் பூவும் கொண்டாட்டமும் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அறை வாடகை உச்சத்துக்கு ஏறிவிடும், வீதி நெரியும், பின்னேரத்தில் இடிமழையும் பெய்யும். கடன்பட்டுப் போவதற்கு உகந்த மாதம் அதுவல்ல.

வெந்நீர் ஊற்றுக் குளியலும் வேண்டுமென்றால், எம்பிலிப்பிட்டிக்கு அப்பால் மதுனாகலை ஊற்று இருக்கிறது. அது தாழ்நிலம், மலைக்கு எதிர்த் திசை. ஆகவே அதைத் தனியாக ஒருநாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு மறைவான இடவசதி உண்டா என்று முன்னரே விசாரியுங்கள். கர்ப்பிணிகளும் பிரஷர், இருதய நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் சுடுநீரில் இறங்கக் கூடாது.

உயிருக்குப் பாதுகாப்பு

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. வீதிகளும் மலையகப் புகையிரதப் பாதையும் உடைந்தன. ஆகையால் புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். பெலிஹுல் ஓயாவில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயிலடிக்கும்போதும் வெள்ளமாக வந்து சேரும்.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து கதவை மூடாதீர்கள். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூங்கியபடியே மௌத்தாகிவிடுவார். கோழி சுட்ட அடுப்பில் தணல் மிச்சம் இருந்தாலும் அதே ஆபத்துத்தான். கம்பளியும் காலுறையும் கூடுதலாக எடுத்துப் போங்கள். இளைப்பு உள்ள பிள்ளையின் மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். வளைவு வீதியில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குப் புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா ஆகிய ஊர்களில் பள்ளிவாசல்கள் உண்டு. பெண்களுக்கு இடவசதி இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேளுங்கள். பயணத் தூரத்தை அடைந்தவர்களுக்குச் சுருக்கியும் சேர்த்தும் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வேனில் இருந்தபடி வக்தைத் தவறவிடக் காரணமே இல்லை.

வளையலும் ஓய்வும்

இனி அடகு விஷயம். உங்கள் மஹரும் நகையும் உங்கள் சொந்தச் சொத்து. உங்கள் மனப்பூர்வமான சம்மதமின்றிக் கணவரும் அதில் கை வைக்க முடியாது. மூன்று நாள் உல்லாசத்துக்காக வட்டிக்கு அடகு வைப்பதோ எவருக்கும் ஆகாது. "வேணாம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாமல், "இந்த ஏப்ரல் வேணாங்க, ஆகஸ்ட்டில் போவோம். அதுவரை மாதாமாதம் கொஞ்சம் சேர்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். பாடசாலைத் தவணை வருடா வருடம் மாறுகிறது. முஸ்லிம் பாடசாலை விடுமுறை நோன்பை ஒட்டி நகர்கிறது. முதலில் பிள்ளைகளின் விடுமுறைத் திகதியைக் கேட்டு எழுதிவைத்து, பிறகு அறை பேசுங்கள். சேர்ந்த பணம் மூன்று நாளுக்குப் போதாதென்றால் ஓரிரவோடு திரும்புங்கள். அதுவும் பயணம்தான்.

கணவன்மாரும் இதை வாசிக்கட்டும். முதல் நாள் பகலுக்கு வீட்டுச் சோத்துப் பார்சல் போதும். மற்ற வேளைகளுக்கு நம்பிக்கையான முஸ்லிம் கடையில் வாங்குங்கள். செலவு கட்டாது, சமைக்கத்தான் வேண்டுமென்றால், தேங்காய் துருவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆண்கள் செய்யட்டும். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளை வாப்பா பார்த்துக்கொள்ள, உம்மா தூங்கட்டும், நடக்கட்டும், சும்மா இருக்கட்டும். முன் சீட்டை மாமிக்குக் கொடுத்தால், யன்னலோரத்தை மருமகளுக்குக் கொடுங்கள். வருடம் முழுவதும் கடையும் அடுப்புமாக நின்ற கால்கள் அவளுடையவை.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிப் போங்கள். வழியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம். நாம் ஓய்வெடுக்கப் போகும் மலை அவர்கள் உழைக்கும் இடம்.

அல்லாஹ் உங்கள் பயணங்களை இலேசாக்கி, போனது போலவே எல்லோரையும் சுகமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.