3 நிமிடம்தான் டைம்! கோல்ஃபில் தொலைந்த பந்தைத் தேடுவதற்கும் ஒரு முறை இருக்கு

தெருவில் கிரிக்கெட் ஆடிய எல்லோருக்கும் இந்தச் சட்டம் தெரியும்: அடிச்சவன்தான் போய் எடுத்துட்டு வரணும். பக்கத்து வீட்டு மொட்டைமாடியோ, முள்வேலியோ, சாக்கடையோ, அது அவன் பாடு. மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள். பந்து கிடைக்கவில்லை என்றால் அன்றைய ஆட்டம் குளோஸ்.

கோல்ஃபில் இது அப்படியே தலைகீழ். பந்தை அடித்தவர் ஒருவர், தேடுவது எல்லோரும். பந்து கிடைக்காவிட்டாலும் ஆட்டம் நிற்காது, நிற்கவும் கூடாது. தேட எவ்வளவு நேரம், யார் தேடலாம், தேடும்போது காலில் பட்டு பந்து நகர்ந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. விதி சொல்லாமல் விட்ட இடங்களில் மரியாதை இருக்கிறது. ஆபீஸ் கோல்ஃப் டே, கிளையன்ட் மீட்டிங் என்று முதல்முறையாக மைதானத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்விங் சரியில்லை என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒரே புதரைப் பத்து நிமிடம் சுற்றிவந்தால் அடுத்தமுறை கூப்பிட மாட்டார்கள்!

5 நிமிடம் 3 ஆனது

2019 ஜனவரி 1 வரை பந்தைத் தேட 5 நிமிடம் இருந்தது. உலக கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து விதிப்புத்தகத்தை மொத்தமாகத் திருத்தி எழுதியபோது அதை 3 நிமிடமாகக் குறைத்தன. 'என்ன அவசரம், ரெண்டு நிமிஷத்துல என்ன ஆகிடப் போகுது' என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் 4 பேர். ஆளுக்கு ஒரு பந்து தொலைத்தாலே பழைய விதிப்படி 20 நிமிடம் புதரிலேயே போய்விடும். புதிய விதிப்படி 12. பின்னால் வரும் குழு காத்திருக்கும், அதற்குப் பின்னால் வரும் குழுவும் காத்திருக்கும். காலை 7 மணிக்குப் புதருக்குள் போன ஒருவரின் தாமதத்தை, 11 மணிக்கு வெயிலில் நிற்கும் யாரோ ஒருவர் அனுபவிப்பார். டிராஃபிக் ஜாம் மாதிரிதான். முன்னால் பிரேக் போட்டவர் யார் என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது.

கடிகாரம் ஓடத் தொடங்குவது பந்து விழுந்த நொடியில் அல்ல. அடித்தவரோ அவருடைய கேடியோ தேடத் தொடங்கும்போதுதான். நீங்கள் நடந்து வருவதற்குள் எதிராளி தேட ஆரம்பித்துவிட்டால் அந்த நேரம் உங்கள் கணக்கில் வராது. 3 நிமிடம் முடிந்தபின் காலடியிலேயே பந்து கிடந்தாலும், விதிப்படி அது தொலைந்த பந்துதான். 'இப்பத்தானே முடிஞ்சுது, பத்து செகண்டுதானே' என்று பேரம் பேச இடமில்லை.

தொலைத்தால் என்ன தண்டனை?

கடைசியாக எங்கிருந்து அடித்தீர்களோ அங்கேயே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். கூடவே ஒரு ஷாட் அபராதம். முதல் ஷாட்டே தொலைந்தால், திரும்பி வந்து அடிப்பது மூன்றாவது ஷாட். இது இன்று நேற்று வந்த தண்டனை இல்லை. 1744-ல் எடின்பரோ அருகே லீத்தில் எழுதப்பட்ட, இன்று கிடைப்பவற்றில் மிகப் பழமையான கோல்ஃப் விதிகள் மொத்தமே 13. அதிலேயே பந்து தொலைந்தால் பழைய இடத்துக்குப் போய் இன்னொன்றைப் போடு, எதிராளிக்கு ஒரு ஷாட் கொடு என்று இருக்கிறது. 280 வருடத்துக்குப் பிறகு இன்றைய தண்டனையும் கிட்டத்தட்ட அதேதான்.

பிரச்சினை அந்தத் திரும்பி நடப்பதில்தான். 200 மீட்டர் முன்னால் போய்த் தேடிவிட்டு, கிடைக்காமல், பின்னால் காத்திருப்பவர்கள் முறைத்துப் பார்க்க, மறுபடியும் டீயை நோக்கி நடப்பது பெரிய அவமானம். இதைத் தவிர்க்கத்தான் 'ப்ரொவிஷனல்' பந்து. முதல் பந்து தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தாலே, தேடப் போகும் முன் அங்கிருந்தே இன்னொன்றை அடித்து வைத்துவிடலாம். முதல் பந்து கிடைத்தால் இரண்டாவதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'இது ப்ரொவிஷனல்' என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். 'சரி, இன்னொண்ணு அடிக்கிறேன்' என்று மட்டும் சொல்லி அடித்தால், அந்த இரண்டாவது பந்துதான் இனி ஆட்டத்தில் இருக்கும். முதல் பந்து புல்வெளி நடுவில் பளிச்சென்று கிடந்தாலும் அது தொலைந்ததாகவே கணக்கு. ஒரு வார்த்தை விட்டுப்போனால் ஒரு ஷாட்டும் போச்சு, தூரமும் போச்சு.

கூடத் தேடுபவரின் வேலை

உடன் ஆடுபவர் தேட உதவ வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் உதவாமல் போனை நோண்டிக்கொண்டு நின்றவரை அந்தக் குழு மறக்காது. உண்மையில் உதவி தேடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அடுத்தவர் அடித்த பந்து தரையைத் தொடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்து, 'அந்த வளைஞ்ச மரத்துக்கு இடப்பக்கம்' என்று ஒரு அடையாளம் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பந்தின் குறைந்தபட்ச விட்டம் 42.67 மில்லிமீட்டர், எடை அதிகபட்சம் 45.93 கிராம். ஒரு எலுமிச்சம்பழ அளவு. முழங்கால் உயரப் புல்லில் அதை 'எங்கேயோ அங்க விழுந்துச்சு' என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

கொல்கத்தா போன்ற ஊர்களின் பழைய கிளப்களில் இதற்கென்றே 'ஆகேவாலா' என்று ஒருவர் உண்டு. 'முன்னால் இருப்பவர்' என்று பொருள். பந்து விழும் பக்கம் முன்கூட்டியே போய் நின்று, விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. மற்றவர்கள் பாதுகாப்பாகப் பின்னால் நிற்க, பந்து வரும் திசையில் நிற்பவர் அவர் மட்டும்தான். பந்து யாரையாவது நோக்கிப் போனால் 'ஃபோர்' என்று கத்துவது ஸ்டைலுக்காக அல்ல, அவருக்காகவும்தான். இதைச் சொல்ல வெட்கப்படும் புதியவர்கள் தயவுசெய்து வெட்கத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கேட்கும்போது கொஞ்சம் சுயநலமாகத் தோன்றும். உங்கள் பந்து பத்திரமாக இருந்தால், முதலில் உங்கள் ஷாட்டை அடித்துவிட்டுப் பிறகு உதவப் போங்கள். ஆட்டத்தை வேகப்படுத்த ஆர் அண்ட் ஏ சொல்லும் யோசனைகளில் இதுவும் ஒன்று. நாலு பேரும் ஒரே புதருக்குள் இறங்கிவிட்டு, பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து தன் ஷாட்டை யோசிக்க ஆரம்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தேடும்போது தெரியாமல் பந்தை மிதித்தாலோ உதைத்தாலோ இப்போது அபராதம் இல்லை. பழைய இடத்தில் வைத்துவிட்டால் போதும். 2019-க்கு முன்பு பந்துக்குச் சொந்தக்காரரின் கால் பட்டிருந்தால் ஒரு ஷாட் போயிருக்கும். தேடுவதற்காகப் புல்லை விலக்கலாம், மணலைத் தள்ளலாம், நியாயமான அளவுக்கு மட்டும். தேடுகிற சாக்கில் தன் ஸ்விங்குக்கு இடைஞ்சலான கிளையை உடைப்பவர்கள் உண்டு. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பின்னால் ஒரு குழு வந்து நின்றுவிட்டதா? பந்து சுலபத்தில் கிடைக்காது என்று தெரிந்த உடனே கையசைத்து அவர்களைப் போகச் சொல்லுங்கள். 'எனக்கு 3 நிமிஷம்தானே இருக்கு, இவங்களுக்கு வழி விட்டா அதுவும் போயிடுமே' என்ற கவலை வேண்டாம். மற்றவர்கள் ஆடுவதற்காக நீங்கள் ஒதுங்கி நிற்கும் நேரம் அந்த 3 நிமிடத்தில் சேராது. விதியிலேயே இது தெளிவாக இருந்தும் எத்தனையோ பேர் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

உங்கள் பந்துதான் என்று எப்படித் தெரியும்?

'கோல்ட்ஃபிங்கர்' ஜேம்ஸ் பாண்ட் படம் வெளியானது 1964-ல். அதில் வில்லனின் பந்து புல்லில் தொலைந்துபோகும். அவனுடைய கேடி கால்சட்டை வழியாக நைசாக இன்னொரு பந்தை நழுவவிட்டு, 'கிடைச்சிருச்சு' என்பதுபோல நிற்பான். உண்மையான பந்தோ பாண்டின் காலுக்கு அடியில் இருக்கும்! பிறகு பாண்ட், வில்லனின் 'ஸ்லேசிஞ்சர் 1' பந்துக்குப் பதிலாக 'ஸ்லேசிஞ்சர் 7' பந்தை மாற்றிவைத்து, தவறான பந்தை ஆடியதாக அவனைத் தோற்கடிப்பார். அதாவது அந்தக் காட்சியில் யோக்கியர் ஒருவர்கூட இல்லை. ஆனால் கோல்ஃபின் பலவீனத்தை அதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியும் இல்லை. இந்த ஆட்டத்தில் பெரும்பாலான நேரம் பக்கத்தில் நடுவர் கிடையாது. புதருக்குள் இருப்பது நீங்களும் உங்கள் பந்தும் மட்டும்தான்.

அதனால்தான் ஆடத் தொடங்கும் முன் பேனாவால் பந்தில் ஒரு அடையாளம் போடச் சொல்கிறார்கள். ஒரே பிராண்ட், ஒரே எண் கொண்ட பந்து இரண்டு பேரிடம் இருப்பது சர்வசாதாரணம். புல்லில் கிடப்பது யாருடையது என்று தெரியாவிட்டால், அது கிடக்கும் இடத்தைக் குறித்துவைத்துவிட்டு எடுத்துப் பார்க்கலாம். குறிக்காமல் எடுத்தால் ஒரு ஷாட் அபராதம். தெரியாமல் வேறொருவர் பந்தை அடித்துவிட்டால் ஸ்ட்ரோக் முறையில் 2 ஷாட் அபராதம்; மேட்ச் முறையில் அந்த ஹோலே போய்விடும்.

2023 ஜனவரியில் துபாய் டெசர்ட் கிளாசிக் போட்டியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க வீரர் பேட்ரிக் ரீட் 17-வது ஹோலில் அடித்த பந்து ஒரு பேரீச்ச மரத்தில் சிக்கிக்கொண்டது. அவர் பைனாகுலரில் பார்த்து, அடையாளத்தை வைத்துத் தன் பந்துதான் என்றார், நடுவரும் உறுதிப்படுத்தினார். ஒரு ஷாட் அபராதத்தோடு மரத்தடியிலிருந்தே தொடர்ந்தார். அடையாளம் தெரியாமல் போயிருந்தால் பந்து தொலைந்ததாகி, டீ வரைக்கும் திரும்பியிருக்க வேண்டும். டிவி காட்சியில் பந்து வேறு மரத்துக்குள் போவதுபோல இருக்கிறதே என்று சோஷியல் மீடியாவில் பெரிய சண்டை. நடுவர்களும் மைதான ஊழியர்களும் பார்த்துச் சொன்ன மரம் அதுதான் என்று போட்டி நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. அந்தப் போட்டியில் ரோரி மெக்கில்ராயிடம் ரீட் தோற்றது ஒரே ஒரு ஷாட்டில்.

ரீட் சொன்னது சரியா என்பதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறு. அங்கே நடுவர்கள், ஊழியர்கள், கேமராக்கள், பைனாகுலர் எல்லாம் இருந்தன. முன்னணி வீரரின் பந்தை நூறு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. ரசிகர்கள் புதருக்குள் இறங்கித் தேடுகிறார்கள். அதே போட்டியில் காலை 7 மணிக்கு, யாரும் பார்க்காமல் ஆடும் 120-வது ரேங்க் வீரருக்கும் அதே 3 நிமிடம்தான். அவருக்குத் தேட இருப்பது இரண்டு மூன்று பேரும் அவர்களுடைய கேடிகளும். விதி எல்லோருக்கும் ஒன்று, தேடும் கைகள் ஒன்றல்ல. இதைச் சரிசெய்ய எளிய வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் டிவியில் பார்த்து 'ப்ரோக்கள் பந்தைத் தொலைப்பதே இல்லை' என்று நினைக்கும்போது இதையும் கணக்கில் வைக்கலாம்.

'ப்ளீஸ், தேடாதீங்க!'

சில நேரம் சொந்தக்காரருக்கே பந்து கிடைக்கக் கூடாது என்று இருக்கும். முதல் பந்து முட்புதரில். ப்ரொவிஷனல் பந்தோ குழிக்குப் பக்கத்தில். முதல் பந்து கிடைத்துவிட்டால் அந்த அருமையான இரண்டாவது ஷாட் வீண். அவர் தேடாமல் விடலாம், மற்றவர்களைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் 'என் பந்து தொலைந்துவிட்டது' என்று வாயால் அறிவித்து முடித்துவைக்க முடியாது. ஆட்டத்தைத் தேவையில்லாமல் தாமதப்படுத்தாதவரை எதிராளி தேடலாம், கண்டுபிடிக்கவும் செய்யலாம். தேடித்தருவதே வில்லத்தனம் ஆகிற விளையாட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்ன? நட்பாக ஆடும் ஆட்டத்தில் அப்படிப் புதருக்குள் இறங்குபவரை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் மதியச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் உட்காரவும் மாட்டேன்.

கிளப்கள் செய்ய வேண்டியது

திரும்பி நடக்கும் தொல்லைக்கு 2019 விதிகளிலேயே ஒரு மாற்று இருக்கிறது. கிளப் விரும்பினால் உள்ளூர் விதியாக அறிவிக்கலாம்: பந்து தொலைந்த இடத்துக்கு நேராக, ஃபேர்வே ஓரம் வரை உள்ள பகுதியில் பந்தைப் போட்டு, 2 ஷாட் அபராதத்தோடு தொடரலாம். டாப் லெவல் போட்டிகளுக்கு இது கிடையாது. வார இறுதியில் ஆடுபவர்களுக்காகவே வந்தது. வழக்கமான ஆட்டங்களுக்கு இதை ஏற்காமல் இருக்க கிளப்களுக்கு ஒரு நல்ல காரணமும் இல்லை என்பது என் கருத்து. பழைய உறுப்பினர்கள் இதைச் சலுகை என்பார்கள். 2 ஷாட் கொடுத்துவிட்டு வாங்குவது எப்படிச் சலுகை ஆகும்?

கடைசியாக, தேடும்போது கிடைக்கும் மற்றவர்களின் பந்துகள். கைவிடப்பட்டதுதானே என்று பையில் போட்டுக்கொள்வது உலகம் முழுக்க வழக்கம். ஆனால் பக்கத்து ஃபேர்வேயில் உருண்டு வந்து நிற்கும் பந்தைத் தொடாதீர்கள். அது இன்னும் ஆட்டத்தில் இருக்கலாம், அதன் சொந்தக்காரர் மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருக்கலாம். தொலைந்த பந்து யாருக்குச் சொந்தம் என்பது நீதிமன்றம் வரை போன கேள்வியும்கூட. 2002-ல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், கோல்ஃப் மைதான ஏரியில் இரவில் மூழ்கி ஆயிரத்துக்கும் அதிகமான பந்துகளை அள்ளியவருக்குத் திருட்டுக் குற்றத்துக்காக 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை ரத்தானது.

எடுக்கப்படாத பந்துகள் அங்கேயே கிடக்கின்றன. 2025 ஜூலையில் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷில் நடந்த ஓப்பன் போட்டியின் மூன்றாம் சுற்றில், 11-வது ஹோலில் மெக்கில்ராய் உயரமான புல்லிலிருந்து ஒரு ஷாட் அடித்தார். அவர் பந்தோடு சேர்ந்து இன்னொரு பந்தும் மண்ணிலிருந்து துள்ளி வெளியே வந்தது. எப்போதோ யாரோ தேடிப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்துபோன பந்து.