வெளியேறும் செவிலியரும் வெளியேற்றும் கொள்கையும்

மருத்துவத் துறையில் மனம் வெறுத்துப்போன ஊழியர்களுக்கென்று இன்று இரண்டு உபதேசங்கள் தயாராக இருக்கின்றன. ‘பிடிக்காத வேலையில் வாழ்நாளைத் தொலைக்காதே, மனநிறைவு தரும் வேறு வேலையைத் தேடிக்கொள்’ என்பது ஒன்று. ‘மருத்துவம் தொழிலல்ல, சேவை, சேவையில் கணக்குப் பார்க்கக் கூடாது’ என்பது மற்றொன்று. முதலாவது, வாழ்க்கை வழிகாட்டிகளின் மேடைகளிலிருந்து வருகிறது. இரண்டாவது, அமைச்சர்களிடமிருந்தும் நிர்வாகங்களிடமிருந்தும் வருகிறது. வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது, சில வேளைகளில் இயக்கத் தோழர்களிடமிருந்தும் வருகிறது. போய்விடு என்கிறது ஒன்று. பொறுத்துக்கொள் என்கிறது மற்றது. வேலையின் நிலைமைகளை மாற்றுவது பற்றி இரண்டுக்கும் பேச்சே இல்லை.

திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் 2021 மே 10 இரவு நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வர வேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதமானது. குழாய்களில் அழுத்தம் விழுந்தது. அரசின் கணக்குப்படியே 11 கொரோனா நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். துயரத்தில் கொதித்த உறவினர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் புகுந்து கருவிகளை உடைத்தபோது, பணியிலிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் அடிக்கு அஞ்சி ஓட வேண்டியதாயிற்று. காவல்துறை வந்த பின்பே அவர்கள் திரும்பினர். டேங்கரை நேரத்துக்கு வரவழைக்கும் அதிகாரம் அவர்களில் எவருக்கு இருந்தது? கையிருப்பு எவ்வளவு வைக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் யாரும் அந்த இரவில் அந்த அறையில் இல்லை. செத்தவனின் உறவினருக்கு முன்னால் நின்றவர் செவிலியர்தான்.

மறு ஆண்டு ஏப்ரலில் அதே மருத்துவமனையில், இறந்த மகனின் உடலை ஒரு தந்தை இருசக்கர வாகனத்தில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கொண்டுசென்றார். அங்கிருந்த தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரால் கொடுக்க முடியாத தொகையைக் கேட்டார்கள். வெளியிலிருந்து வந்த வண்டியையும் உள்ளே விடவில்லை. இத்தகைய காட்சிகளை நாள்தோறும் கண்முன் கண்டும், தடுக்க முடியாமல், தானும் அந்த அமைப்பின் சீருடையில் நிற்கிறோம் என்ற உணர்வு ஒரு மனிதரை என்ன செய்யும்? சம்பளத்தைவிட இதுதான் பலரை உள்ளிருந்து அரிக்கிறது.

இதைத் தனிமனிதரின் மனச்சோர்வாகக் காட்டித் தியானமும் ஆலோசனையும் பரிந்துரைப்போர், உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதையாவது படிக்கட்டும். பணிச்சோர்வை அது நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத வேலையிட நெருக்கடியின் விளைவு என்றே வரையறுத்தது. முதலாளித்துவ உலகின் நிறுவனமே சுட்டுவிரலை வேலையிடத்தின் பக்கம் திருப்பிய பிறகும், ஊழியரின் மனத்துக்குள் குற்றவாளியைத் தேடுவது யாருக்கு உதவும்?

வேலையிடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. சித்தூரிலோ திருப்பதியிலோ ஏதேனும் ஓர் அரசு மருத்துவமனைக்குள் இரவு ஷிப்டில் நுழைந்து கட்டில்களையும் செவிலியர்களையும் எண்ணிப் பார்த்தால் போதும். எல்லைக்கு இப்பால் கதை வேறல்ல. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வாணையம் வழியே எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கு மாத ஊதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த பிறகே அது 14,000 ஆனது. கொரோனா காலத்தில் கைதட்டி வரவேற்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வேலையை விடவில்லை. வேலைதான் அவர்களை விட்டது.

சரி, விட்டுப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? வழி உள்ளவர்கள் வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். ஊரிலேயே வேறு வேலை தேடுவோருக்குத் திருப்பதி மாவட்டம் காட்டும் பெரிய வாசல் சத்தியவேடு அருகேயுள்ள ஸ்ரீசிட்டி. அங்கே காத்திருப்பது என்ன? 2025இல் ஆந்திர அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி நாள் வேலையை 10 மணி நேரம் வரை நீட்டியிருக்கிறது. பெண்களுக்கு இரவுப் பணியையும் திறந்துவிட்டிருக்கிறது. வார்டிலிருந்து அசெம்பிளி லைனுக்குப் போவதைத்தான் மனநிறைவைத் தேடும் பயணம் என்று விற்கிறார்கள். மார்க்ஸ் 1844லேயே விளக்கிய அந்நியமாதல், ஒரு வாசலை விட்டு இன்னொரு வாசலுக்குள் நுழைவதால் தீர்ந்துவிடுவதில்லை.

இரண்டாம் உபதேசத்துக்கு வருவோம். ‘சேவை’ என்ற சொல்லை வைத்து அரசு எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதற்கு ஆஷா ஊழியரே சாட்சி. அவர் தன்னார்வலராம், ஆகவே தொழிலாளி அல்லராம். ஆந்திரத்தில் 3,000 ரூபாயாக இருந்த அவரது மாத ஊதியம் 2019இல் 10,000 ஆனது என்றால், அதன் பின்னால் சாலையில் கழிந்த எத்தனையோ நாட்கள் இருக்கின்றன. 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது அளித்தது. விருதைப் பாராட்டிய ஒன்றிய அரசு அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கவில்லை.

இயக்கத் தோழர்கள் இங்கே நெல்லூரைச் சுட்டிக்காட்டுவதுண்டு. சுந்தரய்யாவின் தம்பி டாக்டர் ராமச்சந்திர ரெட்டி அங்கே வளர்த்த மக்கள் பாலிகிளினிக், ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்த்தது. கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தது. இயக்கத்தின் பெருமைதான், ஐயமில்லை. ஆனால் அந்த மருத்துவர் தாமாகத் தேர்ந்த வாழ்வு அது. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாமல், வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் அல்லாடும் ஒப்பந்தச் செவிலியரிடம் அந்த வாழ்வை நீட்டி ‘இப்படி இரு’ என்று சொல்வது, நிர்வாகத்தின் வேலையைத் தோழரே செய்து கொடுப்பதாகும். மருத்துவத்தை விடுவதே இழுக்கு என்றால் சே குவேராவை எங்கே வைப்பது? 1956 டிசம்பரில், இரண்டையும் சுமக்க முடியாத நிலையில், மருந்துப் பெட்டியை விட்டுத் தோட்டாப் பெட்டியைத் தூக்கியவர் அவர். 1960இல் கியூபாவின் மருத்துவ ஊழியர்களிடம், தனியொரு மருத்துவரின் நல்லெண்ணம் மட்டும் எதையும் சாதிக்காது என்று சொன்னவரும் அவரே.

காலியாகும் இடங்களைப் பார்த்து அரசு கவலைப்படுவதாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். ஓய்வூதியமுள்ள நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாக நீடித்தால் கருவூலத்துக்கு மிச்சம். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் இருக்கவே இருக்கிறது ஒப்பந்த நிறுவனம். ஆளில்லை, தரமில்லை என்று பெயர்கெட்ட மருத்துவமனையைத் தனியாரிடம் தள்ளுவதும் எளிது. சித்தூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை அப்பல்லோவின் மருத்துவக் கல்லூரிக்குப் பயிற்சிக்களமாக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை 10 புதிய மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் கூட்டு முறைக்குத் திறந்துவிட்டது. அதில் பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியும் ஒன்று. 2025க்குள் சுகாதாரத்துக்கு உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று 2017 தேசியக் கொள்கையில் எழுதியதை ஒன்றிய அரசு இப்போது நினைவுகூர்வதுமில்லை.

தங்கிப் போராடினால் என்ன கிடைக்கும் என்று கேட்போருக்குக் கேரளம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் கொடுத்த உத்தரவின்படி அமைந்த குழு, 50 கட்டில்களுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200க்கு மேற்பட்ட கட்டில்கள் இருந்தால் அரசு ஊதியத்துக்கு இணை என்றது. பல மாநிலங்களில் அது காகிதமாகவே கிடக்க, கேரளச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்து 2018இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையைப் பெற்றனர்.

ஆகவே வேலையை விட்ட செவிலியரைக் குறைகூறுவதை விட்டு, ஏன் விட்டார் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்வது கிளைகளின் வேலை. எந்த வார்டு, எத்தனை கட்டில், எத்தனை ஷிப்டு, ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டினாரா என்று அவர் அஞ்சாமல் சொல்வார். உள்ளே இருப்பவரால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. ஆண்டு ஒப்பந்தங்கள் மார்ச் 31உடன் முடிகின்றன. அதற்கு முன்பே அந்தப் பட்டியல், நர்சிங் கவுன்சில் விகிதத்துடன் சேர்த்து அச்சிடப்பட்டு, தெலுங்கிலும் தமிழிலும் மருத்துவமனை வாசலில் நோயாளிகளின் கைக்குப் போக வேண்டும்.