கயிறு இழுக்கும், நிறுத்தாது



கொஞ்சம் நீளமான பதிவு. எஞ்சின் போட் வைத்திருக்கிற தம்பிமாரும், பெருநாளைக்குப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அனுப்புகிற உம்மாமாரும் வாப்பாமாரும் கடைசிவரை வாசியுங்கள். சொல்ல வருவது ஒரே விஷயம்தான். ஒரு போட்டுக்குப் பின்னால் தோணியையோ ஜெட் ஸ்கீயையோ கட்டி இழுக்கும்போது, இழுபடுகிறதில் ஆள் இருக்கக் கூடாது. பிள்ளை இருக்கவே கூடாது.

பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் நாங்கள் கரையில் நின்றபோது ஒரு எஞ்சின் போட் வந்தது. அதில் பெரியவர்கள். பின்னால் ஒரு கயிற்றில் சின்னத் தோணி, அதற்குள் ஏழு பிள்ளைகள். உயிர்காப்பு அங்கி ஒருவருக்கும் இல்லை. போட் வளைந்தபோது தோணி வளையவில்லை. அது தன்பாட்டில் நேரே போனது, கயிறு தொய்ந்தது, பிறகு ஒரே வெட்டாக இழுபட்டுத் திரும்பியது. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். கரையில் நின்றவர்களும் சிரித்துக்கொண்டு வீடியோ எடுத்தார்கள். சற்று நேரத்தில் யாரோ வாடகைக்குக் கொண்டுவந்த ஜெட் ஸ்கீ ஒன்று எஞ்சின் நின்றுபோய் இன்னொரு போட்டின் பின்னால் இழுபட்டு வந்தது, அதுவும் நல்ல வேகத்தில். அதன் மேல் ஒரு பையன், ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் போன்.

யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எழுத மாட்டோம். எங்கள் வகுப்புகளில் முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகள்தான்.

சொல்லப்போனால் ஒரு காக்கா, "ஆத்துல என்ன சேர், இடுப்பளவு தண்ணிதானே" என்றார். உண்மைதான், 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவியில் பெரும்பகுதி ஆழம் குறைவு. ஆனால் தோணி கவிழ்ந்தால் பிள்ளை நிற்கப்போவது தண்ணீரில் அல்ல, சேற்றில். கால் புதைந்த பிள்ளைக்கு இடுப்பளவு என்பது கழுத்தளவு. கவிழ்ந்த தோணிக்கு அடியில் அகப்பட்டால் முழங்காலளவே போதும். வலை கட்டிய கம்புகளும் அறுந்த வலைத் துண்டுகளும் அடியில் எங்கே கிடக்கின்றன என்று தொழிலுக்குப் போகிறவர்களுக்கே முழுதாகத் தெரியாது. மாரி காலத்தில் ஆற்றுவாய் வெட்டினால் முகத்துவாரப் பக்கம் நீரோட்டம் எப்படி மாறும் என்று நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நேற்று நின்று குளித்த இடத்தில் இன்று நிற்க முடியாது.

சரி, கயிற்றுக்கு வருவோம்.

உழவு இயந்திரத்துக்குப் பெட்டி பூட்டும்போது இரும்புச் சட்டத்தில் ஆணி போட்டுப் பூட்டுகிறோம். முன்னால் இயந்திரம் நின்றால் பெட்டியும் நிற்கும், ஏனென்றால் அந்தச் சட்டம் இழுக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும். கயிறு அப்படியல்ல. இழுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். முன்னால் போட் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிற தோணிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. தண்ணீரில் பிரேக் கிடையாது. அது வந்த வேகத்திலேயே வந்து போட்டின் பின்பக்கத்தில் மோதும், அங்கேதான் எஞ்சினும் விசிறியும் இருக்கின்றன. மோதாமல் பக்கவாட்டில் போனால், தொய்ந்த கயிறு விசிறியில் சுற்றும். இரண்டுமே ஒரு நொடி வேலை.

அடுத்தது வேகம். கணக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தான். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. அந்தப் பாரம் முழுவதும் போய்த் தொங்குவது கயிற்றிலும் அது கட்டியிருக்கிற கொளுவியிலும். கயிறு அறுந்தால் கீழே விழாது, சவுக்குப் போல் திரும்பி வரும். அதனால் கயிறு போகிற நேர்கோட்டில் ஒருவரும் இருக்கக் கூடாது. தோணியின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை சரியாக அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட நமக்குத் தெரியாதது, இழுக்கிற போட்டும் கவிழும் என்பது. கயிறு பின்னால் நேராக இருக்கும்வரை பயமில்லை. போட் சடாரென்று திரும்பி, கயிறு அதன் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கினால், அந்த இழுப்பே போட்டைச் சரித்துவிடும். கப்பல்களை இழுப்பதற்கென்றே கட்டிய பெரிய இழுவைக் கப்பல்கள்கூட இப்படிப் போயிருக்கின்றன. 2007 டிசம்பர் 19ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளைட் ஆற்றில், மூடுபனிக்குள் ஒரு சரக்குக் கப்பலைக் கட்டிப் போன பிளையிங் ஃபண்டம் என்ற இழுவைக் கப்பல் தன் கயிறாலேயே கவிழ்ந்தது. நால்வரில் மூவர் மௌத்தானார்கள். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள், அவசரத்துக்குக் கயிற்றைக் கழற்றுகிற பொறிகூட அந்தக் கப்பலில் இருந்தது. போதிய விரைவில் அது விடவில்லை. நம் தம்பிமாரின் போட்டில் ஒரு கத்திகூட இருப்பதில்லை.

இழுக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாவியில் தொழில் செய்கிறவர்கள் ஒருவரையொருவர் இழுத்துத்தான் கரை சேருகிறார்கள். எஞ்சின் பழுதானவனை விட்டுவிட்டு வருகிற வழக்கம் நமது ஆட்களிடம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வீதியில் நின்றுபோன ஆட்டோவை இன்னொரு ஆட்டோக்காரர் காலால் தள்ளிக்கொண்டு போவதைப் போல இதுவும் ஒரு நல்ல காரியம்தான். அதைச் சரியாகச் செய்யலாம் என்பதுதான் எங்கள் பேச்சு.

முதலில் பழுதான தோணியில் இருக்கிறவர்களை இழுக்கிற போட்டுக்கு மாற்றுங்கள். போட் கொள்ளாதென்றால் இரண்டு தரம் வாருங்கள், பெற்றோல் செலவு பெரிதல்ல. காற்று கடுமையாகி ஆள் மாற்ற முடியாத நிலை வரலாம். அப்போது மட்டும், உயிர்காப்பு அங்கியோடு, பின்பக்கமாக, தாழ உட்கார்ந்து வரட்டும். கயிற்றை இழுபடுகிறதன் முன்பக்கத்தில் தண்ணீரை ஒட்டித் தாழ உள்ள வளையத்தில் கட்ட வேண்டும், மேலே கண்ட இடத்தில் அல்ல. இழுக்கிற போட்டில் எஞ்சினில் கட்டவே கூடாது. பின்பக்கத்தின் இரண்டு மூலையிலும் கட்டி நடுவில் சேர்த்தால் இழுப்பு நேராக வரும். தோணிக்குள் பாரம் ஏதும் இருந்தால் பின்னால் தள்ளி வையுங்கள், முன்பக்கம் நிமிர்ந்து வந்தால் அங்குமிங்கும் அலையாது. ஒரு ஆளுடைய வேலை பின்னால் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும், கையில் கூரான கத்தியோடு. ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கட்டும். கரை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, கயிற்றையும் சுருக்கி எடுங்கள்.

கயிறு பற்றி ஒரு சின்னத் தகவல். கடையில் "நைலோன்" என்று கேட்டால் தருகிற பச்சை, நீலக் கயிறுகள் பெரும்பாலும் நைலோன் அல்ல. ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பொலிபுறொப்பிலீன், தாழ்ந்தால் நைலோன். மிதக்கிற கயிறு விசிறிக்குள் போவது குறைவு, ஆனால் வெட்டி இழுத்தால் தாங்காது. நைலோன் நீண்டுகொடுக்கும், ஆனால் தாழ்ந்து விசிறியைத் தேடிப் போகும். எது இருக்கிறதோ அதற்கேற்ப நடக்கலாம்.

ஜெட் ஸ்கீ வேறு கதை. அதற்கு வெளியில் விசிறி இல்லை. அடியில் ஒரு வாயால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி ஓடுகிறது. நமது வாவியில் ஆற்றுவாழைத் துண்டும் பிளாஸ்டிக் பையும் வலை நூலும் அந்த வாய்க்குள் போய் அடைக்கும். எஞ்சினைக் குளிராக்குகிற தண்ணீரும் பொதுவாக அந்த வழியால்தான் போகிறது. எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது வேகமாக இழுத்தால் தண்ணீர் அந்த வழியால் தள்ளுண்டு ஏறி, புகை போகிற குழாயை நிரப்பி, எஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிடும். அதனால்தான் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் இழுக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். அது ஒரு பிள்ளை மெதுவாக ஓடுகிற வேகம், அவ்வளவுதான். தூரம் அதிகமென்றால் குளிர்நீர்க் குழாயை ஒரு கிளிப்பால் நெரித்துவிட்டு இழுக்க வேண்டும், திரும்ப ஸ்டார்ட் பண்ணுமுன் மறக்காமல் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் எரிந்துபோகும். ஒவ்வொரு மொடலுக்கும் இது கொஞ்சம் வேறுபடும், கைநூலில் இருக்கும். வாடகைக்கு விடுகிறவர் இதைச் சொல்லித் தரவில்லையென்றால் அவரிடம் எடுக்காதீர்கள். மூன்று பேர் ஏறுகிற ஜெட் ஸ்கீ 300 கிலோவுக்கு மேல் பாரம். அது பின்னால் வந்து மோதினால் ஃபைபர் போட் தாங்காது.

இவ்வளவும் ஏன் எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். 2021 நவம்பர் 23ஆம் திகதியை நாங்கள் மறக்கவில்லை. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் சனங்கள் தற்காலிகப் பாதையில்தான் கடந்தார்கள். காலையில் பாடசாலைக்குப் போகிற நேரம் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின, அதில் சீருடை போட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அதன்பிறகுதான் யார் அனுமதி கொடுத்தது, எத்தனை பேர் ஏறலாம், அங்கி எங்கே என்ற கேள்விகள் எல்லாம் வந்தன. அதற்கு முதல்நாள்வரை அதே பாதையில் அதே பிள்ளைகள் போய்வந்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை.

பாதை என்பது நமக்குப் புதிதல்ல. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக நாமும் பாதையைத்தான் நம்பியிருந்தோம். ஆனால் தொழிலாகச் செய்கிறவனுக்கு ஓரளவாவது பயம் இருக்கும். பெருநாள் சந்தோஷத்தில் தோணி கட்டி இழுக்கிறவனுக்கு அதுவும் இல்லை. 2023 மே 7ஆம் திகதி கேரளத்தின் தானூரில் 22 பேர் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம்தான், உல்லாசமாகப் போன குடும்பங்கள்தான். மீன்பிடிப் போட்டை உல்லாசப் போட்டாக மாற்றியது என்று பிறகு தெரியவந்தது.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஒரு பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். நாட்டத்தை மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை நமது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே மனனமாகச் சொல்வார்கள். கட்டுவதைச் சரியாகக் கட்டுவதும் அதற்குள் வராதா?

பொலிஸாரும் கடற்படையும் வந்து தடுக்க வேண்டும் என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும், வேலை நடக்காது. நமது ஆற்றங்கரையில் எந்தத் துறையில் எந்தப் போட் இறங்குகிறது என்று தெரிந்தவர்கள் மீனவர் சங்கத்தாரும் பள்ளிவாசல் நிருவாகிகளும்தான். பெருநாளுக்கு முந்திய ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லச் சொல்லி கதீப்மாரிடம் கேட்கலாம். பெருநாள் தொழுகைத் திடலுக்குப் பந்தல் போட காசு சேர்க்கிற நமக்கு, ஒவ்வொரு துறையிலும் பத்து உயிர்காப்பு அங்கி வாங்கி வைக்க முடியாதா? அதில் பாதி சிறுவர் அளவில் இருக்கட்டும். பெரியவர் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் பிள்ளை கீழால் நழுவிப் போகும், அங்கி மட்டும் மிதக்கும்.

எங்கள் பக்கத்தில், அடுத்த தவணை தொடங்கியதும் ஒரு பேசின் தண்ணீர், இரண்டு பிளாஸ்டிக் போட், ஒரு நூல் வைத்து ஆறாம் வகுப்பிலிருந்து செய்து காட்டப் போகிறோம். முன்னால் போட்டை நிறுத்திப் பின்னால் வருவது மோதுவதைப் பிள்ளைகளே பார்க்கட்டும். தொழில் தெரிந்த காக்காமார் யாராவது வந்து கயிறு கட்டிக் காட்டினால் இன்னும் நல்லது, விருப்பமானவர்கள் பாடசாலைக்கு வந்து சொல்லுங்கள். தண்ணீரில் ஏதும் நடந்தால் முதலில் 119, வெள்ளக் காலத்தில் 117, அம்புலன்ஸுக்கு 1990. உம்மாமார் இந்த மூன்று இலக்கத்தையும் இன்றே போனில் சேர்த்து வையுங்கள்.