மஃரிபுக்கு முன் தாங்கி நிரம்பட்டும்



"இரவு பத்தரைக்குப் பிறகு மோட்டார் போட்டால் கரண்ட் பில் குறையும்" என்ற பேச்சு நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

நம் நாட்டில் மின்சாரத்துக்கு மூன்று நேரங்கள் வகுத்திருக்கிறார்கள். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் நேரம். அதிலிருந்து இரவு 10.30 வரை உச்ச நேரம். பிறகு விடிய 5.30 வரை மலிவு நேரம். ஆனால் இந்த விலை வித்தியாசம், நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறிய வீடுகளுக்கு மட்டும்தான். நம்மில் பெரும்பாலானோருக்கு மாதத்தின் மொத்த யூனிட்டை வைத்தே பில் வருகிறது. நடுநிசியில் மோட்டார் போட்டாலும் நண்பகலில் போட்டாலும் காசு ஒன்றுதான்.

அப்படியென்றால் நாம் ஏன் நேரம் பார்க்க வேண்டும்? பொழுது சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், டீவி, அயன். அதைச் சமாளிக்க டீசலும் எண்ணெயும் எரிக்கும், செலவு கூடிய மின்நிலையங்களை ஓட்டுகிறார்கள். அந்தச் செலவு அடுத்த கட்டண உயர்வில் நம் எல்லோர் தலையிலும்தான் விழும். 2022 இல் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, மறக்க முடியுமா?

இப்போது நம் பள்ளிவாசல்களைப் பாருங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் வுழூ செய்யும்போது தாங்கியில் தண்ணீர் இறங்குகிறது. உடனே மிதவை சுவிட்ச் மோட்டாரை ஓட வைக்கிறது. அதுவும் உச்ச நேரத்தில்! மின்சாரத்தைச் சேமிக்கப் பெரிய பேட்டரி வேண்டும். தண்ணீரைச் சேமிக்கும் தாங்கி நம் கூரைமேல் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: அஸருக்குப் பின் தாங்கியை நிரப்புங்கள். 6.30 முதல் 10.30 வரை மோட்டார் தானாக ஓடாதபடி டைமர் ஒன்று போடுங்கள். மோட்டாரின் வலுவுக்கு ஏற்ற டைமரை, வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு பூட்டுங்கள். தாங்கி சிறிதென்றால் முதலில் ஒழுகும் குழாய்களைத் திருத்துங்கள்.

வீடுகளிலும் அப்படியே. பாடசாலை உடுப்பைப் பகலிலேயே அயன் பண்ணலாம். தாங்கியுள்ள கீசரை சுபஹுக்கு முன் போட்டு, நீர் சூடானதும் அணைக்கலாம்.

நேரக் கட்டணத்துக்கு மாற நினைப்பவர்கள் கணக்குப் பார்த்த பிறகே மாறுங்கள். அதில் உச்ச நேர யூனிட் விலை மிக அதிகம். மாலையில் ஏசி போடும் வீட்டுக்கு அது நட்டமாகலாம். இரவில் மின்வாகனம் சார்ஜ் செய்யும் வீட்டுக்கு இலாபமாகலாம்.

ஒரு மோட்டாரால் நாடு மாறாது. ஆனால் ஊருக்கு ஊர் பள்ளிவாசல் இருக்கிறது, வீட்டுக்கு வீடு தாங்கி இருக்கிறது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுவோம்.