‘செல்ஃப்’ அடிக்காத கார்

சென்ற இதழில் டயர்த் தேய்மானத்தைப் பற்றிப் பார்த்தோம். இம்மாதம் மகர்பட்டாவில் வசிக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதமே நமக்குப் பொருளாகின்றது. அவரிடம் இருப்பது 2009ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி 800. பதினைந்து ஆண்டுகள் நிறைந்தபின் மறுபதிவு செய்து ஓட்டி வருகிறார். வயோதிகத் தாயாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவ்வண்டியே துணை. சில நாட்களாகச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒலித்துவிட்டுப் பேசாமல் நின்றுவிடுகிறதாம். பட்டறையில் கேட்டதற்கு, வண்டியைத் திறந்தும் பாராமல், “செல்ஃப் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்” என்றனராம். மராத்தியில் மேற்கொண்டு வினவ இயலாது திரும்பிய அன்பர், “மாற்றிவிடலாமா?” என்று கேட்கிறார்.

மாற்றலாம்; ஆனால் சோதித்த பின்னரே மாற்ற வேண்டும். சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலாத வண்டிகள் எல்லாவற்றிலும் மோட்டாரே பழுதாகி இருப்பதில்லை.

முதலில் இக்கருவியின் வேலையை அறிந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சின் தானாக ஓடத் தொடங்காது. யாரேனும் அதை முதலில் சுற்றிவிட வேண்டும். முற்காலத்தில் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகே அந்த அபாயம் படிப்படியாக நீங்கிற்று. நம் நாட்டிலோ, 1961இல் தொடங்கப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் இம்மோட்டார்களைச் செய்து வருகிறது. எங்கள் ரயில்வேயிலும் இதே தத்துவம் உண்டு. டபிள்யூ.டி.எம்.-2 வகை டீசல் எஞ்சினில் பிரதான ஜெனரேட்டரையே பாட்டரி மின்சாரத்தால் மோட்டார் போலச் சுழலவைத்து எஞ்சினைக் கிளப்புவார்கள்.

காரில் சாவியைத் திருப்பியதும் சிறு மின்சாரம் ‘சாலினாய்டு’ எனும் பகுதிக்குச் செல்கிறது. அது காந்தமாகி ஒரு பல்சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் பெரிய சக்கரத்துப் பற்களோடு கோத்துவிடுகிறது. அதே கணத்தில் தடித்த செம்புத் தொடர்புகள் இணைந்து, நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் மோட்டாருக்குப் பாய்கிறது. இவ்வளவு பெரிய ஓட்டத்துக்கு வழியில் சிறிது துரு இருந்தாலும் பெருந்தடையாகும். இதை மனத்திற் கொண்டால் சோதனை முறைகள் தாமே விளங்கும்.

இரவில் முன்விளக்கை எரியவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் விளக்கைக் கவனிக்கட்டும். விளக்கு அணைவதுபோல் மங்கினால், பெரும்பாலும் பாட்டரி வலுவிழந்திருக்கும். அல்லது அதன் முனைகள் துருவேறியிருக்கும். ‘டக டக’ என்று விடாது ஒலிப்பதும் பாட்டரியின் முறையீடே. விளக்கு ஒளி குன்றாதிருக்க, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், மின்சாரம் மோட்டாருக்குள் செல்லவில்லை எனலாம். சாலினாய்டின் தொடர்போ, உள்ளேயுள்ள கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கும். மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையாவிடில், பல்சக்கரப் பகுதியில் கோளாறு.

மின்னழுத்தமானி வைத்திருப்போர் இன்னும் துல்லியமாக அறியலாம். ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே இறங்கலாகாது. எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையேயுள்ள எர்த் பட்டையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். மழைக்காலத்து ஈரத்தில் அதுவும் துருவேறும். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குச் சென்று திரும்புவோர், கீழ்த்தளத்தில் அசையாது நின்ற வண்டியின் பாட்டரியை முதலில் சந்தேகிக்க வேண்டும், மோட்டாரை அல்ல.

சோதனையில் மோட்டாரே குற்றவாளி என்று தெளிந்தாலும், முழுவதையும் உடனே வாங்கவேண்டியதில்லை. கார்பன், புஷ், சாலினாய்டு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். வாகன மின்வேலை மட்டுமே செய்யும் சிறு பட்டறைகளில் இது அன்றாட வேலை. ஆர்மேச்சர் கருகியிருந்தாலோ, உள்ளிருக்கும் கம்பிச்சுருள் எரிந்திருந்தாலோ மட்டும் புதியது வாங்குவதே சிக்கனம்.

மாற்றும் முறை கடினமன்று. ஆயினும் ஒழுங்கு முக்கியம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுங்கள். மோட்டாருக்கு வரும் தடித்த கம்பி எப்போதும் மின்சாரம் உடையது. இதைக் கழற்றாமல் ஸ்பானர் வைத்தால் நெருப்புப் பொறி பறக்கும். கம்பிகள் இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். கடைசி போல்ட் வரும்போது மோட்டாரைக் கையால் தாங்க வேண்டும். வண்டிக்கு அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்புதல் தகாது; உறுதியான தாங்கிகள் அவசியம்.

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பல்லின் எண்ணிக்கை, துளைகளின் இடைவெளி இரண்டையும் ஒப்பிடுங்கள். மோட்டார் எஞ்சினில் அமரும் பரப்பைச் சுத்தமாகத் துடையுங்கள். மின்சாரம் திரும்பும் பாதை அதுவே. துளை வழியே பெரிய சக்கரத்தின் பற்களையும் பாருங்கள். அவை உடைந்திருந்தால் புதிய மோட்டாரும் விரைவில் கெடும். பொருத்தி முடித்தபின் எதிர்முனையைக் கடைசியாக இணைக்க வேண்டும். சாவியை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காமல், சிறிது ஓய்வு கொடுத்து மீண்டும் முயல்க.

கையால் தள்ளி ஸ்டார்ட் செய்து சமாளித்துக்கொள்ளலாமே என்பாரும் உண்டு. சமதளத் தெருவில் அது கூடும். மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து சரிவில் ஏற்றித் தள்ள எத்தனை பேர் வருவர்? மருத்துவமனைக்கு நேரமாகும் வேளையில் அந்த உபாயம் உதவாது. ஆகவே முதல் ‘டக்’ கேட்ட அன்றே கவனித்தல் நன்று.

வேற்று மொழி பேசும் ஊரில் வாழும் நமக்கு இன்னுமொரு வார்த்தை. பட்டறைக்காரர்களில் நாணயஸ்தர் பலருண்டு. ஆனால் கேள்வி கேளாதவரிடம் யாரும் விளக்கம் சொல்வதில்லை. “செல்ஃப்” என்ற சொல் இங்கும் அதேதான். “ஆதி பாட்டரி தபாஸா”, அதாவது முதலில் பாட்டரியைச் சோதியுங்கள் என்றும், “ஜுனா பார்ட் பரத் த்யா”, அதாவது பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் இரண்டு வாக்கியங்களைப் பழகிக்கொண்டால் போதும். வண்டியைப் பற்றி நாமும் அறிந்திருக்கிறோம் என்பது அவருக்குப் புலப்படும். பேச்சும் அங்கிருந்து நேர்வழியில் நடக்கும்.

அன்பரின் வண்டியில் விளக்கு மங்காமல் ‘டக்’ ஒலி மட்டும் கேட்குமாயின், சாலினாய்டையும் கார்பனையும் கழற்றிப் பார்க்கச் சொல்லட்டும். மங்குமாயின், முனைகளைச் சுத்தம் செய்து பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றட்டும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டாலன்றிப் புது மோட்டாருக்குப் பணம் எடுக்க வேண்டாம்.

அடுத்த இதழில் ரேடியேட்டரைப் பற்றிக் காண்போம்.